சுமத்தியது வேறு, சுமந்தது வேறு

போன தவக்காலத்தில் ஓசூருக்குப் பக்கத்தில் ஒரு காலனியில் சிலுவைப்பாதை நடந்தது. நாங்கள் அங்கே போனது வேறு வேலையாக. மாலை நேர டியூஷன் சென்டருக்கு இடம் கேட்கப் போயிருந்தோம். நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கி எழுந்த பையன்களும் ஜெனரல் ஷிஃப்ட் முடித்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிய பெண்களும் அப்படியே யூனிஃபார்மோடு சிலுவைக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தார்கள். பதினான்கு நிலைகளும் முடிந்த பிறகு, வெளியூரிலிருந்து வந்திருந்த பிரசங்கியார் பேசினார். நம் வறுமை, நம் நோய், நாம் பிறந்த நிலை எல்லாமே ஆண்டவர் நமக்கென்று அளந்து கொடுத்த சிலுவைகள், முணுமுணுக்காமல் சுமந்தால் மறுமையில் கிரீடம் என்பது அவர் பேச்சின் சாரம்.

கூட்டம் கலைந்ததும் ஒரு பெண் எங்களிடம் வந்தாள். உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்ட் வேலை. வயது இருபத்திரண்டுக்குள் இருக்கும்.

"அக்கா, எங்க லைன் சூப்பர்வைசர் என்னை சாதிப் பேர் சொல்லித் திட்டுனாரு. பஸ் எங்க நிக்குதுன்னு பாத்தாலே அவங்களுக்குத் தெரிஞ்சிடும்ல, நான் எந்தத் தெருன்னு. கேஸ் குடுக்கலாம்னு போனா, உன் சர்டிஃபிகேட்ல கிறிஸ்டியன், பி.சி.ன்னு இருக்கு, அந்தச் சட்டம் உனக்கு வராதுன்றாங்க. வீட்ல சொன்னா, அது உன் சிலுவைம்மா, சுமந்துக்கோன்றாங்க. நெசமாவே அது என் சிலுவைதானா?"

அன்றைக்கு எங்களிடம் சரியான பதில் இல்லை. எங்கள் குழுவில் சிலர் கிறிஸ்தவர்கள், சிலர் பௌத்தம் ஏற்றவர்கள், சிலர் எந்தக் கோயில் வாசலையும் மிதிக்காதவர்கள். ஆளுக்கொரு பதில் சொல்லிக் குழப்பிவிட்டு வந்தோம். பிறகு உட்கார்ந்து படித்தோம், பேசினோம், சண்டையும் போட்டோம். அதில் தேறியதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

'சிலுவை' என்ற சொல்லிலிருந்தே தொடங்கலாம். அது சிரியாக் மொழியிலிருந்து மலபார் வழியாகத் தமிழுக்கு வந்த சொல். போர்த்துக்கீசியர் கொண்டுவந்த 'குருசு' அதற்குப் பிந்தையது. இன்று இரண்டுமே காதுக்குப் புனிதமாக ஒலிக்கின்றன. முதல் நூற்றாண்டில் அந்தச் சொல்லைக் கேட்டவர்களுக்கு வாந்தி வந்திருக்கும். ரோமப் பேரரசு அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் ஒதுக்கி வைத்திருந்த தண்டனை அது. ரோமக் குடிமக்களுக்குப் பெரும்பாலும் விலக்கு உண்டு. கி.மு. 71-இல் ஸ்பார்ட்டகஸின் அடிமை எழுச்சி முறியடிக்கப்பட்டபோது, பிடிபட்ட சுமார் 6,000 பேரைக் கப்புவாவிலிருந்து ரோம் வரை சாலையோரமாக அறைந்து நிறுத்தினார்கள். கி.மு. 4-இல், ஏரோது இறந்தபின் யூதேயாவில் எழுந்த கலகத்தை அடக்க வந்த ரோமத் தளபதி வாரஸ் ஏறத்தாழ 2,000 பேரைச் சிலுவையில் ஏற்றினான் என்று யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதுகிறார். இயேசு பிறந்த காலம் ஏறக்குறைய அதுதான். கலிலேயாவில் அவர் பேச்சைக் கேட்டவர்களின் அப்பாக்களும் தாத்தாக்களும் அந்த மரங்களைக் கண்ணால் கண்டவர்கள்.

அப்படிப்பட்ட மக்களிடம்தான் அவர், என் பின்னால் வர விரும்புகிறவன் தன் சிலுவையை எடுத்துக்கொண்டு வரட்டும் என்ற பொருளில் பேசினார் என்கிறது மாற்கு நற்செய்தியின் 8-ஆம் அதிகாரம். அதே செய்தியை எழுதும் லூக்கா 'தினந்தோறும்' என்று ஒரு சொல்லைக் கூட்டுகிறார். இதில் நாங்கள் கவனித்தது இரண்டு விஷயங்கள். ஒன்று, 'விரும்புகிறவன்' என்ற நிபந்தனை. இது கட்டளை அல்ல, அழைப்பு. வேண்டாம் என்றால் திரும்பிப் போகலாம். இரண்டாவது, அந்த மரம் வானத்திலிருந்து விழுவதில்லை, நோய்போல உடம்பில் முளைப்பதும் இல்லை. அதிகாரத்தை எதிர்த்தால் அதிகாரம் தூக்கிக் கொடுக்கும் தண்டனை அது.

நற்செய்தி நூல்கள் நான்கையும் எங்கள் தோழி ஒருத்தி இதற்காகவே மறுபடி வாசித்தாள். தொழுநோயாளியைப் பார்த்து இது உன் சிலுவை, சுமந்துகொள் என்று இயேசு சொன்னதாக ஓரிடமும் இல்லை. குருடனிடமும் பசித்தவர்களிடமும் பன்னிரண்டு வருடம் இரத்தப்போக்கில் தவித்த பெண்ணிடமும் சொல்லவில்லை. அவர்களுடைய பாரத்தை இறக்கிவைத்தார். சுமக்கச் சொன்னது தன் பின்னால் வரத் துணிந்தவர்களிடம் மட்டும்.

சிலுவைப்பாதையின் ஐந்தாம் நிலையில் வரும் சீமோன் இன்னொரு கதை. சிரேனே ஊர்க்காரர், அதாவது ஆப்பிரிக்கக் கரையிலிருந்து வந்தவர். வயலிலிருந்து ஊருக்குள் வந்துகொண்டிருந்தவரைப் படைவீரர்கள் பிடித்துக் கட்டாயப்படுத்திச் சுமக்க வைத்தார்கள் என்று நற்செய்தி வெளிப்படையாகவே சொல்கிறது. பிரசங்கங்களில் அவரைத் தியாகியாக்குகிறோம். அங்கே நடந்தது வெட்டி வேலை. தப்படிக்க, பிணம் தூக்க, செத்த மாட்டை அகற்ற நம் பாட்டன்மாரைக் கூப்பிட்டார்களே, அந்த வகை. கட்டாயமாகச் சுமத்தப்பட்டதற்கும் தானாக எடுத்துக்கொண்டதற்கும் உள்ள வித்தியாசத்தை அந்த நூலே வைத்திருக்கிறது. நாம்தான் தொலைத்துவிட்டோம்.

எப்படித் தொலைத்தோம் என்பதற்குத் தமிழ்நாட்டுத் திருச்சபை வரலாறு கொஞ்சம் தெரிய வேண்டும்.

1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி பூணூலும் காவியுமாக 'பிராமண சந்நியாசி' கோலத்தில் வாழ்ந்தார். மேல்சாதியாரை ஈர்க்க அதுதான் வழி என்று நம்பினார். ஒடுக்கப்பட்டவர்களோடு பழகினால் அந்தக் கோலம் கலைந்துவிடும். அதனால் 1640 முதல் 'பண்டாரசாமிகள்' என்று வேறொரு வகைக் குருக்கள் வந்தார்கள். போப்பின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன் 1704-இல் ஓர் ஆணை போட்டார்: பறையர் வீட்டில் நோயாளி கிடந்தால், குரு அந்த வீட்டுக்குள் போய்த் திருவருட்சாதனம் கொடுக்க வேண்டும். இதற்கே ஓர் ஆணை தேவைப்பட்டிருக்கிறது பாருங்கள்! அந்த ஆணையை எதிர்த்து நாற்பது ஆண்டுகள் வாதாடினார்கள். கடைசியில் 1744-இல் போப் பதினான்காம் பெனடிக்ட் காலத்தில் எட்டிய முடிவு, பறையர்களுக்கென்றே தனிக் குருக்களை நியமிப்பது. சிலுவையைப் பற்றிப் பிரசங்கிக்கக் கடல் கடந்து வந்தவர்களால் ஒரு குடிசையின் வாசற்படியைக் கடக்க முடியவில்லை. அவர்களில் எத்தனையோ பேர் காய்ச்சலிலும் சிறையிலும் செத்தார்கள் என்பதும் உண்மைதான். உயிரைக் கொடுக்க முடிந்திருக்கிறது, அந்தப் படியைத் தாண்ட முடியவில்லை.

சீர்திருத்தச் சபைகளின் கதை இதைவிடத் தெளிவானது. தஞ்சாவூர், வேப்பேரி சபைகளில் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் ஒரு பக்கமும் பறையர் கிறிஸ்தவர்கள் மறுபக்கமுமாக உட்கார்ந்தார்கள். திருவிருந்துக் கிண்ணம் முதலில் அங்கே போய்விட்டுத்தான் இங்கே வரும். 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதியை உடனடியாக, அறவே விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். அது வாசிக்கப்பட்ட இடங்களில் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். அதற்கும் சில வருடம் முன்பே, 1829-இல், தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் சாதி ஆசாரத்தை ஆதரித்து எழுதியிருந்தார். தமிழ்க் கிறிஸ்தவக் கீர்த்தனைகளின் பெரும் கவி அவர். மிஷனரிகள் செய்த கொடுமைகள் என்று நான்கைப் பட்டியலிட்டார். வேத மொழிபெயர்ப்பை மாற்றியது, சாதிகளைக் கலந்து உட்காரச் சொன்னது, விழாவில் பூவை விலக்கியது, தமிழ்ப் பாட்டை ஆராதனையிலிருந்து எடுத்தது. தமிழிசைக்காக அவர் கேட்டது நியாயம் என்றே நாங்களும் நினைக்கிறோம். ஆனால் அந்த நியாயத்தையும் பறையனோடு உட்கார மாட்டேன் என்பதையும் ஒரே தாளில், ஒரே மூச்சில் எழுத அவருக்குக் கை வந்திருக்கிறது.

இந்த இடத்தில்தான் எங்களுக்குள் ஒரு வெளிச்சம் விழுந்தது. 1833-இல் சிலுவை யார் முன்னால் வைக்கப்பட்டது? வெள்ளாளர் முன்னால். அவர்கள் எடுக்க வேண்டிய சிலுவை எவ்வளவு சிறியது! ஒரு கிண்ணம். பக்கத்தில் இருப்பவன் வாய் வைத்த கிண்ணத்தில் தானும் வாய் வைப்பது. அதற்குச் சொந்தக்காரர்களிடம் கிடைக்கப்போகும் ஏச்சும், பெண் கொடுக்க மறுப்பதும்தான் அவர்கள் சுமக்க வேண்டிய விலை. பெரும்பாலானவர்கள் மறுத்தார்கள். மறுத்தவர்களின் வாரிசுகள்தான் அடுத்த நூறு வருடம் சேரிக்குப் போய், உன் சிலுவையைப் பொறுமையாகச் சுமந்துகொள் என்று போதித்தார்கள்.

நம் மாவட்டத்துக்கு வருவோம். பாராமகால் என்று அழைக்கப்பட்ட இந்தப் பகுதியில் கத்தோலிக்கம் பழையது. மைசூர் மிஷன் காலத்து வேர் அதற்கு உண்டு. கோவிலூர், மத்திகிரி, எலத்தகிரி எல்லாம் நாம் எல்லோரும் அறிந்த ஊர்கள். 1997 முதல் தருமபுரி தனி மறைமாவட்டம். லுத்தரன் வரலாறு கிருஷ்ணகிரியில் 1895-இல் தொடங்குகிறது. தியோடர் நேத்தர், ஃபிரான்ஸ் மோன் என்ற இரண்டு ஜெர்மானியர்கள், லைப்சிக் மிஷனோடு கோட்பாட்டில் முரண்பட்டு வெளியே வந்து, அமெரிக்காவின் மிசௌரி சினோடு சார்பில் கிருஷ்ணகிரியில் வேலையைத் தொடங்கினார்கள். இன்று ஆம்பூர், பர்கூர் பக்கம் இருக்கும் இந்திய சுவிசேஷ லுத்தரன் சபையின் தொடக்கம் அதுதான். அவர்கள் பிரிந்தது சாதிப் பிரச்சினைக்காக அல்ல, வேத நூலைப் பற்றிய கொள்கைக்காக. லைப்சிக் மிஷனில் சாதிக்காகப் பிரிந்தவர் அவர்களுக்கு முன்பிருந்த கார்ல் ஓக்ஸ். சாதியை விடாதவர்களுக்குக் குருப்பட்டம் கொடுக்காதே என்று மல்லுக்கட்டி, தோற்று, 1860-களில் டேனிஷ் மிஷனுக்குப் போனார். நேத்தர் 1904-இல் இங்கேயே பிளேக்கில் இறந்தார். பிளேக் பரவிய ஊரை விட்டு ஓடாமல் இருந்ததை நாங்கள் மதிக்கிறோம். அதைச் சிலுவை என்று ஒருவர் சொன்னால் மறுக்க மாட்டோம்.

ஆனால் அந்தச் சபைகளில் சேர்ந்தவர்கள் சுமந்தது எந்த நூலிலும் பெயரோடு இல்லை. பண்ணையாரின் கொட்டகையை விட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை அனுப்பிய அம்மா, இனிமேல் திருவிழாவுக்குத் தப்படிக்க மாட்டேன் என்று சொன்ன அப்பா. அவர்களுக்கு அதற்கு விலை இருந்தது. வேலை நின்றது, கிணறு மறுக்கப்பட்டது. எங்கள் வீடுகளில் பாட்டிகள் சொன்ன கதைகள் இவை. அவர்கள் சாதியைச் சிலுவையாக ஏற்று மதம் மாறவில்லை. சாதியைக் கீழே இறக்கிவைக்கத்தான் மாறினார்கள். இறக்கிவைத்ததற்காக ஊர் கொடுத்த தண்டனை எதுவோ, அதுதான் அவர்கள் சிலுவை.

அம்பேத்கர் இதைத் தொட்டிருக்கிறார். 1935-இல் இயோலாவில் இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்தபின், எல்லா மதங்களையும் எடைபோட்டார். கிறிஸ்தவத்துக்கு மாறிய தீண்டப்படாதோர் பற்றி அவர் எழுதியதில் ஒரு விமர்சனம் இன்றும் சுடுகிறது. இந்துவாக இருந்தபோது தன் வீழ்ச்சிக்குச் சமூகம் காரணம் என்று உணர வாய்ப்பிருந்தவனிடம், மிஷனரி வந்து, உன் வீழ்ச்சிக்கு உன் பாவமே காரணம் என்று சொல்லிக்கொடுத்தான், அதனால் போராடும் உந்துதல் அவனிடம் இல்லாமல் போனது என்கிறார் அவர். ஓசூர் காலனியில் நாங்கள் கேட்ட பிரசங்கத்துக்கு எத்தனையோ ஆண்டுகள் முன்பே எழுதப்பட்ட மறுப்பு இது.

அரசும் தன் பங்கைச் செய்தது. 1950 ஆகஸ்ட் 10 அன்று வெளியான குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியாகக் கருதப்பட மாட்டார் என்றது. 1956-இல் சீக்கியர்களும் 1990-இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவ, முஸ்லிம் தலித்துகள் வெளியே. ஆகஸ்ட் 10-ஐக் கருப்பு நாளாக அனுசரிப்பது இதனால்தான். சூசை வழக்கை மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். சென்னைத் தெருவோரம் செருப்புத் தைத்தவர். தெருவோரத் தொழிலாளிகளுக்கு இலவசப் பெட்டிக்கடை கொடுக்கும் திட்டத்தில், கிறிஸ்தவர் என்பதால் அவருக்கு இல்லை என்றார்கள். உச்ச நீதிமன்றம் 1985-இல், மதம் மாறிய பிறகும் அதே கடுமையோடு சாதிக் கொடுமை தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் காட்டப்படவில்லை என்று தள்ளுபடி செய்தது. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இல் மதத்தையும் பட்டியல் சாதித் தகுதியையும் பிரிக்கச் சொன்னது. 2022-இல் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் ஆதரவாகத் தீர்மானம் போட்டது. 2025-இல் ஆந்திர உயர் நீதிமன்றம், கிறிஸ்தவரான ஒரு போதகருக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை என்றது. அந்தப் பெண்ணிடம் சொல்லப்பட்டதும் இதுவே.

எல்லையோரம் என்பதால் நமக்குக் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. அத்திப்பள்ளி தாண்டிப் பெண் கொடுப்பதும் எடுப்பதும் இங்கே சாதாரணம். ஒரே குடும்பத்தில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் பேசுவார்கள். ஆனால் ஒரு மாநிலத்தின் பட்டியல் சாதி உரிமை, குடிபெயர்ந்து போன மாநிலத்தில் செல்லாது என்பது 1990-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த விதி. மாநில எல்லை கடந்தால் ஒரு தாள் செல்லாது, மத எல்லை கடந்தால் இன்னொரு தாள் செல்லாது. சாதிக்கு மட்டும் எந்த செக்போஸ்ட்டும் கிடையாது.

இதனால்தான் பல வீடுகளில் இரண்டு பெயர். கோயிலில் ஒன்று, சர்டிஃபிகேட்டில் ஒன்று. இதைப் பேதுரு மறுதலித்ததோடு ஒப்பிட்டுத் திட்டும் போதகர்களைக் கேட்டிருக்கிறோம். சர்டிஃபிகேட்டால் எதையும் இழக்காத சாதியில் பிறந்தவர்கள்தான் அதிகம் திட்டுகிறார்கள் என்பது எங்கள் அனுபவம். இரண்டு பெயர் வைத்திருப்பவர்களை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். ஒரே பெயரோடு நின்று இழந்தவர்களைத் தலைவணங்குகிறோம். அதையே மற்றவர்களும் செய்தாக வேண்டும் என்று கேட்கும் உரிமை எங்களுக்கு இல்லை.

சபைக்குள் நிலைமை மாறிவிட்டதா? விழுப்புரம் பக்கம் எறையூரில், தனி வழி, தனிக் கல்லறை, தனி இருக்கை என்றிருந்த நிலையில் தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச் 9 அன்று தலித் வீடுகள் தாக்கப்பட்டன, போலீஸ் சுட்டதில் வன்னியக் கிறிஸ்தவர்கள் இரண்டு பேர் இறந்தார்கள். அது தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு. ஈஸ்டருக்கு இரண்டு வாரம். ஊரே சிலுவையைத் தியானித்துக்கொண்டிருக்க வேண்டிய நாள். இந்திய ஆயர் பேரவை 2016-இல் வெளியிட்ட கொள்கை அறிக்கையில் திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொள்ள அவ்வளவு காலம் ஆனது.

மறுபக்கம் நல்லதும் நடந்தது. 1981-இல் அர்விந்த் நிர்மல் பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியில் பேசிய உரையிலிருந்து தலித் இறையியல் என்று ஒரு துறையே கிளம்பியது. நம் ஊரிலிருந்து பஸ்ஸில் போகும் தூரம்தான் அந்தக் கல்லூரி. மதுரை அரசரடியில் தியாபிலஸ் அப்பாவு, 'பரட்டை', பறையை ஆராதனைக்குள் கொண்டுவந்தார். எல்லோருக்கும் ஒரே உலை என்பதுதான் அவர் இறையியல். 1833-இன் கிண்ணத்துக்கு அது சரியான பதில் என்று எங்களுக்குப் படுகிறது. அமெரிக்கக் கறுப்பின அறிஞர் ஜேம்ஸ் கோன் 2011-இல் ஒரு புத்தகம் எழுதினார். கறுப்பர்களை அடித்துத் தொங்கவிட்ட மரத்தையும் கல்வாரி மரத்தையும் அருகருகே வைக்கும் புத்தகம் அது. அதைப் படிக்கும்போது இளவரசனும் கோகுல்ராஜும் கிடந்த தண்டவாளங்கள் எங்கள் கண்முன் வராமல் இல்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பிரசங்கியாரைத் திட்டிவிட்டு நாங்களும் அதையே செய்திருக்கிறோம். சில வருடங்களுக்கு முன் ஒரு மாணவனை மறியலுக்குக் கூட்டிப் போனோம். தியாகம் இல்லாமல் விடுதலை இல்லை என்று வீரமாகப் பேசினோம். எஃப்.ஐ.ஆரில் அவன் பெயர் சேர்ந்தது. அடுத்த வருடம் கம்பெனி ஒன்றில் போலீஸ் வெரிஃபிகேஷன் கேட்டபோது வேலை கையைவிட்டுப் போனது. எஃப்.ஐ.ஆர். என்றால் என்ன ஆகும் என்று நாங்கள் அவனிடம் முன்கூட்டியே சொல்லவில்லை. அவன் எடுத்துக்கொண்ட சிலுவை என்று நாங்கள் நினைத்தோம். அவனுக்கு அது சீமோன் மேல் ஏற்றியதுபோல ஏறியது.

லூக்கா 14-ஆம் அதிகாரத்தில் சிலுவை பற்றிய பேச்சு மறுபடி வருகிறது. அதற்கு அடுத்த வரியிலேயே கோபுரம் கட்டப் போகிறவன் கதை. முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்காமல் எவனாவது அஸ்திவாரம் போடுவானா என்று கேட்கிறார் இயேசு. நாங்கள் கேட்ட எந்தப் பிரசங்கத்திலும் இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னதில்லை. நாங்களும் சொன்னதில்லை.

அந்தப் பெண்ணிடம் திரும்பப் போனபோது இதைத்தான் எடுத்துப் போனோம். சூப்பர்வைசர் திட்டியது உன் சிலுவை இல்லை, அது அவன் குற்றம் என்றோம். புகார் கொடுத்தால் வருவது வேண்டுமானால் உன் சிலுவை, அதை எடுப்பதா விடுவதா என்பது உன் இஷ்டம், விட்டாலும் நீ விசுவாசத்திலோ மானத்திலோ குறைந்தவள் இல்லை என்றோம். அவள் அம்மா குறுக்கே, "நீங்க சொல்லிட்டுப் போயிடுவீங்க, நாளைக்கு அதே பஸ்ல அவ தானே போகணும்" என்றார். சரிதான்.

அதனால் நோட்டை எடுத்து உட்கார்ந்தோம். கான்ட்ராக்ட் எந்த மாதம் முடிகிறது, பி.எஃப். எவ்வளவு சேர்ந்திருக்கிறது, வன்கொடுமைச் சட்டம் வராவிட்டால் சாதாரண அவமதிப்புப் பிரிவில் என்ன கிடைக்கும், அது எவ்வளவு இழுக்கும், கூட வேலை செய்யும் யார் சாட்சி சொல்வார்கள், தம்பியின் பாலிடெக்னிக் பீஸை அதுவரை யார் கட்டுவது. கடைசிக் கேள்விக்கு எங்கள் குழு பொறுப்பேற்றது. இரண்டு பெண்கள் சாட்சி சொல்கிறேன் என்றார்கள். அவர்களில் ஒருத்தி ஆதிக்கச் சாதி, வேறு தெரு, வேறு பஸ் ஸ்டாப். அவளுக்கு யாரும் பிரசங்கம் செய்யவில்லை.

ஒரு வாரம் யோசித்துவிட்டுப் போன் செய்தாள். புகாரை அவளே எழுதியிருந்தாள், இரண்டு பக்கம், நீல மையில். முதலில் கம்பெனி ஹெச்.ஆர்.க்கு, நகல் தொழிலாளர் துறைக்கு, பதினைந்து நாளில் பதில் இல்லையென்றால் ஸ்டேஷனுக்கு. நாங்கள் கூடப் போனோம். வாங்கிக்கொண்டார்கள், சீல் போட்டுக் கொடுத்தார்கள். இன்றைக்குப் பதினோராவது நாள்.